டை மீது பழி போடாதீர்கள்: ஆய்வகக் கேள்வி – பதில்

கேள்வி: கிட் வைத்து பாக்டீரியாவிலிருந்து பிளாஸ்மிட் (வட்டமான சின்ன டி.என்.ஏ.) பிரித்தேன். லோடிங் டை (சாம்பிளோடு கலக்கும் சாயம்) கலந்துதான் ஜெல்லில் விடுகிறேன். ஆனாலும் சாம்பிள் குழிக்குள் இறங்காமல் மிதந்து பஃபரில் கலந்துவிடுகிறது. டை பழசாகிவிட்டதா?
– முதுகலை மாணவி, திருச்சி

பதில்: டை மீது பழி போடாதீர்கள். இது பெரும்பாலும் எத்தனால் செய்கிற வேலை. கடைசியில் கழுவ ஊற்றும் பஃபரில் பெரும்பகுதி எத்தனால்தான். அது கிட்டில் வரும் வடிகுழாயின் (ஸ்பின் காலம்) சிலிக்கா சவ்விலேயே தங்கி, டி.என்.ஏ.வோடு சேர்ந்து டியூபுக்கு வந்துவிடுகிறது. டையில் உள்ள கிளிசரால் சாம்பிளைக் கீழே இறக்கப் பார்க்கும். எத்தனால் மேலே தூக்கிவிடும்.

கழுவி முடிந்ததும் கீழே சேர்ந்ததைக் கொட்டிவிட்டு, எதுவும் ஊற்றாமல் சென்ட்ரிஃப்யூஜில் முழு வேகத்தில் 2 நிமிடம் சுற்றுங்கள். வெளியே எடுக்கும்போது வடிகுழாயின் நுனி அடியில் உள்ள திரவத்தில் பட்டுவிட்டால் மறுபடி சுற்றியே ஆகவேண்டும். பலர் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். பிறகு புது டியூபில் வைத்து, மூடியை 2, 3 நிமிடம் திறந்து வைத்துவிட்டு, டி.என்.ஏ.வைக் கழற்றி எடுக்கும் எலியூஷன் பஃபரைச் சவ்வின் நடுவில் விடுங்கள்.

கையில் இருக்கும் சாம்பிளைக் கொட்ட வேண்டாம். மூடியைத் திறந்து 50 டிகிரி ஹீட் பிளாக்கில் 10 நிமிடம் வைத்தால் எத்தனால் பெரும்பாலும் பறந்துவிடும். ஆவியாகிக் குறைந்த அளவுக்கு ஈடாகத் தண்ணீர் சேர்த்துக்கொள்ளலாம். அதையும் செய்யாமல் லைகேஷனுக்கு (டி.என்.ஏ. துண்டுகளை ஒட்டும் வேலை) கொண்டுபோனால் அங்கேயும் சொதப்பும். டை அளவையும் பாருங்கள்: 6 மடங்கு செறிவுள்ள டை என்றால் 5 மைக்ரோலிட்டர் சாம்பிளுக்கு 1 மைக்ரோலிட்டர்.

சாம்பிள் மிதக்காமல் குழியின் அடிவழியாக ஒழுகினால் கதை வேறு. ஜெல்லில் குழி உண்டாக்கும் சீப்பின் பற்கள் தட்டைத் தொட்டிருக்கும். 1 மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும். ஜெல் மீது பஃபர் ஊற்றிய பிறகு சீப்பை உருவினால் குழி அவ்வளவாகக் கிழியாது.

கேள்வி: 100 வோல்ட்டில் ஓட்டிய ஜெல் அரை மணியில் கொழகொழவென்று ஆகிவிட்டதே?
– ஆய்வக உதவியாளர், மதுரை

பதில்: ஜெல் ஓட்டும் பஃபரான டி.ஏ.இ.யின் 50 மடங்கு செறிவுள்ள ஸ்டாக்கைச் சரியாக நீர்க்காமல் ஊற்றியிருப்பீர்கள். 20 மி.லி. ஸ்டாக்குக்கு 980 மி.லி. தண்ணீர். உப்பு கூடினால் மின்னோட்டம் கூடும், ஜெல் சூடேறும். பவர் பேக்கில் வோல்ட்டை மட்டும் பார்க்காமல் மில்லிஆம்பியரையும் பாருங்கள். வழக்கத்தைவிடப் பல மடங்கு காட்டினால் உடனே அணையுங்கள்.

கேள்வி: ஆம்பிசிலின் (பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து) கலந்த அகார் பிளேட்டில் பெரிய காலனியைச் சுற்றி ஊசிமுனை அளவில் ஏகப்பட்ட குட்டிக் காலனிகள். எடுத்து ஆம்பிசிலின் சேர்த்த திரவத்தில் போட்டால் வளரவே மாட்டேன் என்கின்றன.
– ஆய்வு மாணவர், யாழ்ப்பாணம்

பதில்: வளராது. அவை துணைக்கோள் காலனிகள், ஆம்பிசிலினைத் தாங்க வைக்கும் பிளாஸ்மிட் இல்லாதவை. பெரிய காலனி பீட்டா-லாக்டமேஸ் என்ற என்சைமை வெளியே விட்டு அக்கம்பக்கத்து ஆம்பிசிலினைச் சிதைத்துவிடுகிறது, அந்த நிழலில் இவை முளைக்கின்றன. நடுவில் இருக்கும் பெரியதைத் தொட்டு எடுங்கள்.

பிளேட்டை 37 டிகிரியில் 16 மணி நேரத்துக்குமேல் விடாதீர்கள். மாலை 5 மணிக்கு வைத்தால் காலை 9 மணிக்கு ஃப்ரிட்ஜுக்கு மாற்றுங்கள். சனிக்கிழமை வைத்துவிட்டுத் திங்கட்கிழமை பார்க்கலாம் என்ற நினைப்பே வேண்டாம். அகார் கொதிக்கக் கொதிக்க இருக்கும்போது ஆம்பிசிலினைச் சேர்த்தாலும் இதே கதிதான், மருந்து சூட்டில் பாழாகிவிடும். 50–55 டிகிரிக்கு இறங்கட்டும். குடுவையைக் கையில் பிடித்துக்கொண்டே நிற்க முடிகிற சூடு அது. 400 மி.லி. அகாருக்கு, மி.லி.க்கு 100 மில்லிகிராம் உள்ள ஸ்டாக்கில் 400 மைக்ரோலிட்டர் போதும். பணம் இருந்தால் கார்பெனிசிலினுக்கு மாறுங்கள். அவ்வளவு சீக்கிரம் சிதையாது.

கேள்வி: மைனஸ் 20 ஃப்ரீசரில் என்சைம் உறையவே இல்லை. கெட்டுவிட்டதா?
– இளங்கலை மாணவர், கோவை

பதில்: உறையக்கூடாது. அதில் பாதி கிளிசரால். தானாகப் பனி நீக்கும் ஃப்ரீசரில் மட்டும் வைக்காதீர்கள், அது அவ்வப்போது சூடாகும். டிப்பை ஆழமாக முக்காமல் மேற்பரப்பிலிருந்தே எடுங்கள். வெளிப்புறம் ஒட்டிக்கொண்டு வருவதும் காசுதான். 20 மைக்ரோலிட்டர் வினையில் என்சைம் 2 மைக்ரோலிட்டரைத் தாண்டக்கூடாது. கிளிசரால் 5 சதவீதத்துக்குமேல் போனால், டி.என்.ஏ.வைக் குறித்த இடத்தில் வெட்டும் சில ரெஸ்ட்ரிக்‌ஷன் என்சைம்கள் வெட்டக்கூடாத இடத்திலும் வெட்டும்.