கோரஸ் போட்டால் சுருதி ஏன் விலகுகிறது?

சிங்கப்பூர் உட்லண்ட்ஸிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அண்ணா, நாங்கள் நான்கு பேர் சேர்ந்து திருமண விருந்துகளிலும் சமூக மன்ற நிகழ்ச்சிகளிலும் எண்பதுகளின் தமிழ்ப் பாடல்களை வாசிக்கிறோம். நான் எலெக்ட்ரிக் கிட்டார். என் மல்டி எஃபெக்ட்ஸில் (பல ஒலி விளைவுகள் அடங்கிய பெட்டி) இருக்கும் கோரஸைப் போட்டாலே, 'கிட்டார் சுருதி சேரவில்லை' என்கிறார் எங்கள் பாடகி. டிஜிட்டல் என்பதால்தான் அப்படி, அனலாக் பெடல் வாங்கு என்கிறார்கள் நண்பர்கள். 200 வெள்ளி வரை செலவழிக்கலாம். எதை வாங்குவது? ஓவர்டிரைவுக்கு (ஒலியைக் கரகரப்பாக்கும் பெடல்) முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா?"

தம்பி, பாடகி சொல்வது முழுக்கச் சரி. நண்பர்கள் சொல்வது பாதி சரி. முதலில் பாடகியின் புகாரைப் பார்ப்போம், ஏனென்றால் அது தீராவிட்டால் எந்தப் பெடலை வாங்கினாலும் அதே புகார்தான் வரும்.

பஜனையில் பத்துப் பேர் ஒரே வரியைப் பாடும்போது ஒருவர் இம்மியளவு பிந்துவார், இன்னொருவர் இம்மியளவு ஏற்றிப் பாடுவார். அந்தச் சின்ன விலகல்தான் பாட்டுக்கு அகலம் தருகிறது. கோரஸ் பெடல் இதே வேலையை இரண்டே குரலை வைத்து ஒப்பேற்றுகிறது. கிட்டாரின் நேர் ஒலி அப்படியே போகும். அதன் நகல் சில மில்லிசெகண்ட் தாமதமாக வந்து சேரும். அந்தத் தாமதமும் ஒரே அளவில் நிற்காது, கூடிக் குறைந்துகொண்டே இருக்கும். தாமதம் குறையும்போது நகலின் சுருதி ஏறும், கூடும்போது இறங்கும். ஆம்புலன்ஸ் நம்மை நெருங்கும்போது சைரன் சற்று ஏறியும், கடந்து போனதும் இறங்கியும் கேட்கிறதே, அதே சங்கதி.

இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் உங்கள் சிக்கல் பளிச்சென்று தெரியும். தாமதம் இந்தப் பக்கம் 2, அந்தப் பக்கம் 2 மில்லிசெகண்டாக, நொடிக்கு ஒரு முறை சீராக ஆடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை நொடியில் 4 மில்லிசெகண்ட் மாற்றம், அதாவது 0.8 விழுக்காடு. இசைக் கணக்கில் இது ஏறக்குறைய 14 சென்ட். கிட்டாரில் ஒரு கட்டை தள்ளி வைத்தால் 100 சென்ட் என்பதால், இந்த 14 சென்ட் காதுக்கு மினுமினுப்பாகவே கேட்கும். இப்போது டெப்த் (ஆட்டத்தின் அளவு) குமிழைத் தொடாமல் ரேட்டை (ஆட்டத்தின் வேகம்) மட்டும் நொடிக்கு மூன்று முறை என்று ஏற்றுங்கள். விலகல் 2.4 விழுக்காடு ஆகிவிடும், கிட்டத்தட்ட 41 சென்ட். ஒரு கட்டையில் பாதியை நெருங்கிவிட்டது. பாவம், பாடகி எதைப் பிடித்துக்கொண்டு பாடுவார்?

பல பெடல்களில் ரேட்டைக் கூட்டினால் டெப்த் தானாகக் குறையாது. நாம்தான் குறைக்க வேண்டும். மல்டி எஃபெக்ட்ஸில் கூடவே வரும் கோரஸ் அமைப்புகள் கடையில் சோதித்துப் பார்ப்பவரை மயக்குவதற்காகவே தூக்கலாக வைக்கப்பட்டிருக்கும். தனியாக வாசித்தால் அடடா என்றிருக்கும். மேடையில் குழுவோடு சேர்ந்தால் கூழ்தான். ரேட்டை 9 மணி நிலைக்கும் டெப்த்தை 10 மணி நிலைக்கும் இறக்குங்கள். கீபோர்டு நண்பரை 'சா'வை அழுத்திப் பிடிக்கச் சொல்லி, அதே ஸ்வரத்தை நீங்களும் மீட்டி நீளவிடுங்கள். அலை கேட்கலாம், ஆனால் சுருதி நழுவுவதாகத் தோன்றக் கூடாது. அந்த இடம் கிடைக்கும் வரை டெப்த்தை இறக்கிக்கொண்டே வாருங்கள்.

கீபோர்டு என்றதும் இன்னொன்று. எண்பதுகளின் பாட்டு என்றால் அவர் பெரும்பாலும் ஸ்ட்ரிங்ஸ் ஒலியை வைத்திருப்பார். அந்த ஒலியிலேயே கோரஸ் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். 1982-இல் வந்த ரோலண்ட் ஜூனோ-60 போன்ற சின்தசைசர்களின் அடையாளமே உள்ளே இருந்த கோரஸ்தான். அவர் ஆட்டுவது ஒரு வேகம், நீங்கள் ஆட்டுவது வேறொரு வேகம். இருவரும் சேர்ந்து ஆட்டினால் சுருதிக்கு ஆதாரமே இருக்காது. ஒரு பாட்டில் ஒருவருக்குத்தான் கோரஸ் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். இதற்குச் சல்லிக்காசு செலவில்லை.

சரி, அனலாக்குக்கு வருவோம்.

அனலாக் கோரஸின் உயிர் 'பக்கெட் பிரிகேட்' எனப்படும் ஒரு சில்லு. சுருக்கமாக பிபிடி. தீயணைக்க ஆட்கள் வரிசையாக நின்று வாளி வாளியாகத் தண்ணீரைக் கைமாற்றுவார்களே, அதிலிருந்து வந்த பெயர். நெதர்லாந்தின் ஃபிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் 1969-இல் பிறந்த உத்தி இது. சில்லுக்குள் குட்டிக் குட்டி மின்தேக்கிகள் வரிசையாக இருக்கும். ஒரு கடிகாரத் துடிப்பு தட்டத் தட்ட, முதல் தேக்கியில் ஊற்றிய மின்னூட்டம் அடுத்ததற்கு, அதிலிருந்து அதற்கடுத்ததற்கு என்று நகர்ந்து போகும். பெயர் பெற்ற எம்என்3007 சில்லில் 1,024 படிகள். நொடிக்கு ஒரு லட்சம் துடிப்பு கொடுத்தால் ஒலி 5.12 மில்லிசெகண்ட் கழித்து வெளியே வரும். துடிப்பைப் பாதியாக்கினால் 10.24. இந்தத் துடிப்பின் வேகத்தை மெதுவாக ஏற்றி இறக்கினால் கோரஸ் கிடைத்துவிடும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 'அனலாக் என்றால் ஒலியைத் துண்டு போடாதது' என்று பலர் நம்புகிறார்கள். பிபிடியும் துண்டுதான் போடுகிறது. ஒவ்வொரு வாளியும் ஒரு துண்டு. அதை எண்ணாக மாற்றுவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். துண்டு போட்டதால் வரும் கீச்சொலியையும் துடிப்பின் இரைச்சலையும் மறைக்க, சில்லுக்கு முன்னும் பின்னும் வடிகட்டி வைக்கிறார்கள். அந்த வடிகட்டி நகலின் உச்ச ஸ்தாயியையும் சேர்த்து அரித்துவிடும். கைமாறும்போது வாளி கொஞ்சம் சிந்தவும் செய்யும். ஆக, நகல் சற்று மங்கலாக, முனை மழுங்கி வருகிறது. நேர் ஒலி மட்டும் பளிச்சென்று நிற்கிறது. பிரகாசமான குரலுக்குப் பின்னால் நிழல் மாதிரி இன்னொரு குரல். ஊரே புகழும் அந்த 'வெதுவெதுப்பு' சில்லின் இயலாமையில் பிறந்தது என்பதுதான் உண்மை.

அப்படியென்றால் அந்த இயலாமையை டிஜிட்டலிலும் வரவழைக்கலாமே? பெருமளவு வரவழைக்கலாம். உங்கள் கருவியில் கோரஸ் பக்கத்துக்குள் போய், நகலுக்கு மட்டும் 'ஹை கட்' அல்லது 'டோன்' வசதி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் 4 கிலோஹெர்ட்ஸ் அளவில் வெட்டி, நகலின் கலவை அளவை 35 விழுக்காட்டுக்கு இறக்குங்கள். மேலே சொன்ன ரேட், டெப்த்தையும் வைத்து இரண்டு ஒத்திகை வாசித்துப் பாருங்கள். பாடகி ஒன்றும் சொல்லவில்லை என்றால் 200 வெள்ளியும் உங்கள் பையிலேயே இருக்கட்டும். அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால் மேலே படியுங்கள். கிட்டார் வாசிப்பவர்களுக்கு மனம் ஒப்புவதே அபூர்வம் என்பது எனக்கும் தெரியும்.

வாங்குவது என்று முடிவானால், எண்பதுகளின் கிளீன் ஆர்பெஜியோவுக்கு (கரகரப்பில்லாமல் தந்திகளை ஒவ்வொன்றாக மீட்டுவது) எளிய பெடலே போதும். எலெக்ட்ரோ ஹார்மோனிக்ஸின் ஸ்மால் குளோனில் ஒரே ஒரு ரேட் குமிழ், டெப்த்துக்கு இரண்டு நிலை உள்ள ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். நிர்வாணாவின் கர்ட் கோபேன் கையில் புகழ் பெற்றது. குணமாகவே கொஞ்சம் அடர்த்தியான பெடல் அது. உங்கள் பாடகியை நினைத்தால் எனக்கு அதில் தயக்கம்தான். டெப்த்தைச் சிறுகச் சிறுகக் குறைக்க அதில் வழியில்லை. எம்எக்ஸ்ஆர் அனலாக் கோரஸில் ரேட், டெப்த் தவிர கலவை அளவுக்கும், நகலின் கீழ் ஸ்தாயி, மேல் ஸ்தாயிக்கும் தனித்தனிக் குமிழ்கள் உண்டு. கல்யாண மண்டபத்துக்கு மண்டபம் எதிரொலி மாறும் உங்களுக்கு இதுதான் தோது. என் ஓட்டு இதற்கே. கைக்கு அடக்கமான விலையில் டிசி எலெக்ட்ரானிக்கின் ஆஃப்டர்குளோவும் பிபிடி வகைதான்.

பாஸ் (Boss) நிறுவனத்தின் சிஇ-2 பற்றிச் சொல்லாமல் விட்டால் கடிதம் வரும். 1979-இல் வந்த அந்த நீலப் பெட்டியில் ரேட், டெப்த் இரண்டே குமிழ்கள். எளிமைக்கு அதுவே இலக்கணம். அதன் மறுபிறவியாக 2016-இல் வந்த சிஇ-2டபிள்யூ முழுக்க அனலாக், ஆனால் புதியது உங்கள் 200 வெள்ளிக்குள் அடங்காது. அதே நிறுவனத்தின் சிஎச்-1 நீல நிறத்திலேயே இருப்பதால் பலர் குழம்புகிறார்கள். தொடக்க காலத்தில் வந்தவை அனலாக், பிந்தி வந்தவை டிஜிட்டல். வெளியே பெயரும் தோற்றமும் ஒன்றேதான். நல்ல பெடல், ஆனால் அனலாக் என்ற பெயருக்காக யாராவது கூடுதல் விலை கேட்டால் எந்தக் காலத்துப் பெடல் என்று விசாரியுங்கள்.

பெனின்சுலா ஷாப்பிங் சென்டருக்கு ஒரு சனிக்கிழமை கிட்டாரோடு போய் இரண்டு மூன்றை வாசித்துப் பார்த்துவிடுங்கள். உங்கள் கிட்டாரிலேயே பாருங்கள், கடைக் கிட்டாரில் வேண்டாம். வெளிநாட்டு இணையக் கடையில் மலிவாகத் தெரிந்தால் அஞ்சல் செலவோடு 9 விழுக்காடு பொருள் சேவை வரியையும் கூட்டிப் பாருங்கள். 2023 முதல் 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கும் அந்த வரி உண்டு.

பழைய பொருள் விற்கும் கேரோசல் செயலியில் பழையதைப் பார்ப்பீர்கள், தெரியும். எல்லாருமே பார்க்கிறோம். எம்ஆர்டி நிலைய வாசலில் கைமாறும்போது வெறும் பெட்டியைத் தடவிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்காதீர்கள். 9 வோல்ட் பேட்டரி, ஹெட்போனில் கேட்கும் குட்டி ஆம்ப், கிட்டார், மூன்றையும் கொண்டு போங்கள். டெப்த் முழுக்க, ரேட் மெதுவாக வைத்து ஒரே தந்தியை மீட்டி, ஒலி அடங்கும் வரை கேளுங்கள். அலை ஏறி இறங்குவது சீராக இருக்க வேண்டும். ஒலி தேயும்போது நகல் கரகரவென்று கிழிந்தால் பிபிடிக்குப் போகும் பயாஸ் (அடிப்படை மின்னழுத்த) நிலை தவறியிருக்கிறது. அதைச் சரி செய்யலாம், ஆனால் விலையில் குறைத்துக் கேளுங்கள். கோரஸ் விளக்கு மட்டும் எரிந்து ஒலி மாறவே இல்லை என்றால் சில்லோ துடிப்பு தரும் பகுதியோ போய்விட்டது, நடையைக் கட்டுங்கள். குமிழ் திருகும்போது வரும் கரகரப்பு வேறு. நம் ஊர் ஈரப்பதத்தில் அது சகஜம். சிம் லிம் டவரில் கான்டாக்ட் கிளீனர் ஒரு டப்பா வாங்கி அடித்தால் போயே போய்விடும்.

மிகப் பழைய சிஇ-2 என்றால் பவர் அடாப்டரையும் கேளுங்கள். அவை ஏசிஏ என்ற பழைய வகை அடாப்டருக்காகச் செய்யப்பட்டவை. இன்றைய 9 வோல்ட் அடாப்டரைத் தனியாகச் செருகினால் விளக்கு மங்கலாக எரியும், பெடல் சரியாக வேலை செய்யாது. பேட்டரியில் நன்றாக இருந்து அடாப்டரில் சோம்பினால் பெடல் பழுது என்று நினைத்துவிட வேண்டாம்.

இதைவிட மோசமான கதை என்னுடையது. 1976-இல் வந்த சிஇ-1, பாஸின் முதல் பெடல். பெரிய சாம்பல் நிறப் பெட்டி, நேரே சுவர் மின்சாரத்தில் ஓடும். ஜப்பானிலிருந்து ஒன்று கிடைத்த பூரிப்பில், பிளக்கை மட்டும் மாற்றி எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் சுவரில் செருகினேன். அங்கே 100 வோல்ட், இங்கே 230. ஐந்து நொடியில் புகைவாசனை. அம்மா அடுப்பைப் பார்க்க ஓடினார். டிரான்ஸ்பார்மரை மாற்றப் பல மாதம் ஆனது. ஜப்பானிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வரும், 230 வோல்ட்டை ஏற்காத, சுவரில் செருகும் எதற்கும் வோல்ட்டேஜ் இறக்கும் டிரான்ஸ்பார்மர் கட்டாயம்.

இனி வரிசை. ஓவர்டிரைவ், அப்புறம் கோரஸ், அப்புறம் டிலே (எதிரொலிப் பெடல்). கோரஸை முன்னால் வைத்தால், நேர் ஒலியும் நகலும் ஒன்றாக ஓவர்டிரைவுக்குள் போய் ஒன்றோடொன்று மோதி, இல்லாத ஸ்வரங்களையெல்லாம் கிளப்பும். இரண்டு தந்தி சேர்ந்தால் குழப்பம் இன்னும் கூடும். சிலர் வேண்டுமென்றே அப்படி வைப்பதுண்டு, ஆனால் கல்யாண விருந்துக்கு அது வேண்டாம். 'டிக் டிக்' என்று அலையோடு சேர்ந்து சத்தம் வந்தால், எல்லாப் பெடல்களும் ஒரே அடாப்டரில் தொங்குவதுதான் பெரும்பாலும் காரணம். கோரஸுக்குத் தனி மின்வழி கொடுத்துப் பாருங்கள். ஒரே சங்கிலியில் இரண்டு பிபிடி பெடல்கள் இருந்தால் விசில் மாதிரிகூடக் கேட்கும்.

மேடையில் இன்னொரு பொறி இருக்கிறது. ஸ்டீரியோ கோரஸ் அருமையானதுதான். ரோலண்டின் ஜேசி-120 ஆம்ப் 1975-இலேயே ஒரு ஸ்பீக்கரில் நேர் ஒலி, மற்றதில் ஆடும் ஒலி என்று பிரித்து, காற்றிலேயே கலக்கவிட்டது. அதைப் பார்த்து நீங்களும் இரண்டு கம்பிகளை ஒலிப்பலகைக்கு அனுப்புவீர்கள். அங்கே இருப்பவர் இரண்டையும் நடுவில் வைத்து மோனோவாக்கிவிடுவார். சில பெடல்களில் இரண்டாவது வெளியீட்டில் நகல் தலைகீழாக வரும் என்பதால், இரண்டும் கூடியதும் நகல் ஒன்றையொன்று அழித்துக் கோரஸே காணாமல் போய்விடும். நீங்கள் டெப்த்தைத் திருகுவீர்கள், திருகுவீர்கள், ஒன்றும் கேட்காது. அடுத்த நிகழ்ச்சியில் வேறொரு ஒலிப்பலகையில் அதே அமைப்போடு வாசிப்பீர்கள், பாடகி மறுபடி திரும்பிப் பார்ப்பார். மண்டபத்தில் மோனோவா ஸ்டீரியோவா என்று தெரியாத வரை ஒரே கம்பியை மட்டும் அனுப்புங்கள்.