கழற்றத் தெரியாத சக்கரம்

வணக்கம் சார்,

கல்லூரி நாட்களிலிருந்து உங்களை வாசிக்கிறேன். ஊர் ஈரோடு, வேலை சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில். வயது 27. போன வருடம் பழைய ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 பைக் ஒன்று வாங்கினேன். இன்னும் நான்கு மாதத்தில் நடக்கவிருக்கும் இரண்டு நாள் ஆஃப்ரோடு ராலியில் அமெச்சூர் பிரிவில் ஓட்டலாம் என்று ஆசை. கையில் அறுபதாயிரம் ரூபாய் இருக்கிறது. சைலன்ஸரை மாற்று என்கிறார்கள் சில நண்பர்கள், சஸ்பென்ஷன் என்கிறார்கள் சிலர், டயர் என்கிறார்கள் சிலர். எதை முதலில் வாங்குவது? அல்லது இதை விற்றுவிட்டு ஹிமாலயன் 450 வாங்கிவிடலாமா? உடம்புக்கு ஜிம் போதுமா? முழங்கால் கவசமெல்லாம் அமெச்சூர் ஆட்களுக்கு அவசியமா? அம்மா பயப்படுவார் என்பதால் வீட்டில் ஏற்காடு டூர் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஒரு எழுத்தாளரிடம் கேட்கிற கேள்விகளா இவை என்று தயக்கமாக இருக்கிறது. ராலிகளில் போட்டியைக் கண்காணிக்கும் மார்ஷலாக நின்றதைப் பற்றி நீங்கள் முன்பு எழுதியிருந்தீர்கள், அந்தத் தைரியத்தில் கேட்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தாராளமாகக் கேட்கலாம். எழுத்தாளனிடம் இலக்கியம் மட்டும்தான் கேட்க வேண்டும் என்றால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி வராது, வராமல் இருந்தால் நன்றாகவும் இருக்கும். உங்களுக்கு உடனே எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. கொஞ்ச நாளாக, பாலைவனத்தில் நாள் கணக்கில் ஓட்டும் டக்கார் ராலியின் ஒரு பிரிவைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு வருகிறேன். முதலில் சில்லறைக் கேள்விகளை முடித்துவிடுவோம்.

சைலன்ஸர் வேண்டாம். 200 சிசி வண்டியில் அதை மாற்றினால் சத்தம் கூடும், வேகம் கூடிவிட்டதாக உங்கள் காது நம்பும், அவ்வளவுதான். ராலிப் பாதை யாரோ ஒருவருடைய ஊர் வழியாகத்தான் போகிறது. அங்கே மாடு மேய்க்கிறவருக்கும் காது இருக்கிறது.

ஹிமாலயன் 450 நல்ல வண்டி. ஆனால் 196 கிலோ. உங்களுடையது 158 கிலோ அளவில்தான் இருக்கும். தார் ரோட்டில் இந்த வித்தியாசம் தெரியாது. மத்தியான வெயிலில், மணலில் சாய்ந்து கிடக்கும் வண்டியைத் தனி ஆளாக நான்காவது முறை தூக்கும்போது தெரியும். உங்களிடம் இருப்பது 21 அங்குல முன்சக்கரமும் தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் நடுவே 220 மில்லிமீட்டர் இடைவெளியும் உள்ள வண்டி. முதல் ராலிக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

ஜிம்முக்குப் போங்கள், தப்பில்லை. ஆனால் கண்ணாடி முன் நின்று கைச்சதையைப் பார்ப்பதற்காகப் போகாதீர்கள். ராலியில் பெரும்பாலான நேரம் ஃபுட்ரெஸ்ட்டில் நின்றுகொண்டுதான் ஓட்டப்போகிறீர்கள். டேங்கை முழங்கால்களால் கவ்விப் பிடிக்க வேண்டும். தொடை சோர்ந்ததும் உடம்பின் பாரம் கைக்கு இறங்கும், கை ஹேண்டில்பாரை இறுக்கும், முன்கை கல்லாகிவிடும், அப்புறம் கிளட்ச் பிடிக்க விரல் மடங்காது. விழுவது அதற்குப் பிறகுதான். எனவே தொடைக்கும் இடுப்புக்கும் வேலை கொடுங்கள். ஞாயிறு அதிகாலையில் ஏதாவது ஏரிக்கரை மண் பாதையில் உட்காராமல் ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். நிற்க வாகாக இல்லையென்றால் ஹேண்டில்பாரைக் கொஞ்சம் முன்னால் தள்ளி, கியர் லிவரையும் பிரேக் பெடலையும் பூட்ஸ் போட்ட காலுக்குத் தோதாக மாற்றி வையுங்கள். இதற்கு ஒரு பைசா செலவில்லை. அப்படியே வண்டியைப் படுக்க வைத்துத் தூக்கியும் பழகுங்கள். முதல் கியரில் போட்டுவிட்டு, வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, காலால் உந்தி எழ வேண்டும். இடுப்பை வளைத்துத் தூக்கினால் ராலி அன்றோடு முடிந்தது.

முழங்கால் கவசம் பற்றிய கேள்வியைப் படித்ததும் கோபம் வந்தது. அமெச்சூர் என்றால் முழங்காலை ரப்பரில் செய்து அனுப்பியிருக்கிறார்களா? விழுந்து விழுந்து பழகிய தொழில்முறை ஆட்களே மார்புக் கவசம், கழுத்துக் கவசம் என்று மாட்டிக்கொண்டு போகிறார்கள். உங்களுக்கு இன்னும் விழவே தெரியாது. அறுபதாயிரத்தில் முதல் செலவு கெண்டைக்கால் வரை ஏறும் மோட்டோகிராஸ் பூட்ஸ், அடுத்தது முழங்கால் கவசம், அடுத்தது மார்புக் கவசமும் காகிள்ஸும். சாயும் வண்டியின் அடியில் முதலில் மாட்டுவது கணுக்கால். இதில் பேரம் பேசுவதாக இருந்தால் மேற்கொண்டு படிக்க வேண்டாம்.

சரி, இப்போது என் கேள்வி. உங்கள் வண்டியின் பின்சக்கரத்தை நீங்களே ஒரு தடவையாவது கழற்றியிருக்கிறீர்களா? எதை வாங்குவது என்று கடிதம் முழுக்கக் கேட்கிறீர்கள். எதைக் கற்றுக்கொள்வது என்று ஓரிடத்திலும் கேட்கவில்லை.

டக்கார் என்றதும் நம் பையன்களுக்கு நினைவு வருவது பெரிய கம்பெனி அணிகள்தான். லாரி நிறைய உதிரி பாகம், ராத்திரி முழுக்க வேலை பார்க்கும் மெக்கானிக்குகள். 2015இல் சி.எஸ். சந்தோஷ் டக்காரை ஓட்டி முடித்த முதல் இந்தியர் ஆனார், 36ஆம் இடம். 2024இல் ஷொரணூர்க்காரர் ஹரித் நோவா, முதல்நிலை ஓட்டுநர்களுக்கு அடுத்த படியான ராலி 2 பிரிவில் முதலிடம், மொத்தத்தில் 11ஆம் இடம். அவர் ஓட்டிய ஷெர்கோ டிவிஎஸ் வண்டிக்குப் பின்னால் டிவிஎஸ்ஸின் ஓசூர் இருக்கிறது. எல்லாம் பெருமைதான். ஆனால் அதே டக்காரில் மால் மோட்டோ என்று ஒரு பிரிவு உண்டு, இப்போது வேறு பெயரில் நடக்கிறது. அதில் ஓட்டுகிறவருக்கு மெக்கானிக் கிடையாது. ஒரு 80 லிட்டர் பெட்டி, ஒரு கூடாரம், மாற்றுச் சக்கரம், டயர். இவற்றை முகாமுக்கு முகாம் கொண்டுவந்து போடுவார்கள், அவ்வளவுதான். நாள் முழுக்க ஓட்டி வந்து, தானே ஆயில் மாற்றி, தானே ஏர் ஃபில்டர் கழுவி, தானே டயர் கழற்றிப் பூட்டி, மிச்ச நேரத்தில் தூங்கி, விடியுமுன் எழுந்து கிளம்ப வேண்டும். 2020இல் சவூதி அரேபியாவில் அந்தப் பிரிவை வென்றவர் எமானுவேல் கியெனெஷ் என்ற ருமேனியர். மொத்த ராலியையும் வென்றவரைவிட எனக்கு அவர் மேல்தான் ஆர்வம்.

தொடக்கத்தில் டக்காரே ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது. 1977இல் தியரி சபைன் லிபியப் பாலைவனத்தில் மோட்டார் சைக்கிளோடு வழி தவறித் தப்பி வந்தார். மனுஷன் அத்தோடு விடவில்லை. 1978 டிசம்பர் 26இல் பாரிஸிலிருந்து 182 வண்டிகளைக் கிளப்பிவிட்டார். செனகலின் தலைநகரான டக்கார் போய்ச் சேர்ந்தவை 74. முதலில் வந்த சிரில் நவூ ஓட்டியது யமஹா எக்ஸ்டி 500. ஒற்றை சிலிண்டர், உதைத்துக் கிளப்ப வேண்டிய வண்டி. கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடியது.

பல்லடம் பக்கம் கேத்தனூரில் காற்றாலைகளுக்கு நடுவே மண் பாதைகள் உண்டு, ராலி நடத்தத் தோதான இடம். அந்தப் பக்கத்தில் ஒரு ராலிக்கு, வண்டிகள் வரும் நேரத்தைக் குறிக்கும் டைம் கண்ட்ரோலில் நின்றுகொண்டிருந்தேன். எனக்குச் சற்றுத் தள்ளி ஒரு பையன் வண்டியை ஓரங்கட்டினான். பின்சக்கரம் பஞ்சர். பையில் எல்லாம் வைத்திருந்தான். புது டியூப், டயரை நெம்பிக் கழற்றும் லிவர் மூன்று, பம்ப்பு. லிவரின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. ஆக்ஸில் நட்டைக் கழற்றினான், சக்கரம் வந்தது, அப்புறம் என்ன செய்வது என்று தெரியவில்லை. டயரை ரிம்மிலிருந்து பிரிக்க லிவரைப் போட்டுக் குத்துகிறான், அது அசையவே இல்லை. இடையில் பிரேக் பெடலில் கை வைத்து அழுத்திவிட்டான். டிஸ்க் நடுவில் இல்லாததால் பேடுகள் ஒட்டிக்கொண்டன. நானும் மார்ஷல், அவனுக்கும் தெரியும்: வெளியாள் கை வைத்தால் போட்டியிலிருந்து நீக்கம். தண்ணீர் மட்டும் கொடுத்தேன். குடித்துவிட்டு அழுதான். கடைசி வண்டியும் போன பிறகு ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். லட்ச ரூபாய்க்கு வேலை செய்த வண்டி அது.

டயர் கழற்ற எனக்குக் கற்றுக் கொடுத்தவர் திருப்பூர் ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருந்த ஒரு பெரியவர். கடை என்றால் வேப்பமரம், தண்ணீர்த் தொட்டி, கம்ப்ரெஸர், ஒரு பெஞ்சு. பத்தாம் வகுப்பு முடித்த விடுமுறையில் வீட்டில் தொல்லை தாங்காமல் என்னை அங்கே போய் உட்கார் என்று துரத்திவிட்டார்கள். நான் பலத்தைக் காட்டி நெம்பும்போதெல்லாம் அவர் பீடியை எடுக்காமலே சொல்வார்: "அவசரப்பட்டீன்னா டியூப்ப லிவரு கடிச்சுப் போடும் கண்ணு." அடித்ததில்லை, திட்டியதில்லை. நான் கடித்துவைத்த டியூப்புகளை எல்லாம் அவரே ஒட்டினார். காசு கேட்டு ஒருநாளும் வீட்டுக்கு வரவில்லை.

அவர் சொன்னதைத்தான் சொல்கிறேன், கவனமாகப் படியுங்கள். ரிம்மின் நடுப்பகுதி பள்ளமாக இருக்கும். நீங்கள் லிவர் போடும் இடத்துக்கு நேர் எதிரே டயரின் விளிம்பு அந்தப் பள்ளத்துக்குள் இறங்கியிருக்க வேண்டும். முட்டிபோட்டு அழுத்தி இறக்குங்கள். இறங்கிவிட்டால் இந்தப் பக்கம் விரல் நீளம் தளர்வு கிடைக்கும், லிவர் வெண்ணெயில் போவதுபோல் போகும். இறங்காவிட்டால் பயில்வான் வந்தாலும் ரிம்தான் நெளியும். முழுக் காற்றையும் இறக்க வால்வுக்குள் இருக்கும் ஊசியைக் கழற்றிவிடுங்கள். ஒரே தடவையில் பெரிதாக நெம்பாதீர்கள், இரண்டு விரல் அகலமாக நெம்பி வாருங்கள். சோப்புத் தண்ணீர் இருந்தால் தடவுங்கள், இல்லாவிட்டால் குடிக்கிற தண்ணீர்.

டியூப்பை வெளியே எடுத்ததும் புதியதைத் திணிக்கக் கூடாது. டயரின் உள்பக்கம் முழுக்க விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். சீமைக்கருவேல முள் உள்ளேயே நின்றிருக்கும், புது டியூப்பையும் அடுத்த கிலோமீட்டரில் குத்தும். புது டியூப்பில் அதன் வடிவம் நிற்கும் அளவுக்குக் கொஞ்சம் காற்று ஊதிவிட்டு உள்ளே வையுங்கள். தொளதொளவென்று கிடந்தால்தான் லிவர் கடிக்கும். பூட்டும்போது வால்வுக்கு எதிர்ப்பக்கம் தொடங்கி வால்வில் முடியுங்கள். முடிக்குமுன் வால்வை ஒருமுறை உள்ளே தள்ளிப் பாருங்கள், சுலபமாக அசைந்தால் டியூப் எங்கும் மாட்டவில்லை. சக்கரம் கழன்று நிற்கும்போது பிரேக் பேடுகளுக்கு நடுவே ஓர் அட்டைத் துண்டைச் செருகி வையுங்கள். ஆக்ஸிலின் இரு பக்கமும் வரும் புஷ்களை மண்ணில் போடாதீர்கள், எது எந்தப் பக்கம் என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பைக்குள் 21 அங்குல முன் டியூப் ஒன்று போதும். அவசரத்துக்கு அதுவே பின்சக்கரத்துக்கும் ஆகும்.

இதை வீட்டு வாசலில் முதலில் செய்யுங்கள். அப்புறம் மொட்டை வெயிலில், மண் தரையில், சென்டர் ஸ்டாண்டு இல்லாமல், ராலிக்குக் கொண்டுபோகும் கருவிகளை மட்டும் வைத்துக்கொண்டு செய்யுங்கள். பட்டறையில் இருக்கும் நீளக் கைப்பிடி ஸ்பேனர் அங்கே வராது. பையில் இருக்கும் குட்டை ஸ்பேனரில் உங்கள் ஆக்ஸில் நட் கழல்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். அரை மணி நேரத்துக்குள் கழற்றிப் பூட்ட வந்த பிறகுதான் பணத்தைப் பற்றிப் பேச வேண்டும். யூடியூப்பில் பார்த்துவிட்டேன் என்று பதில் எழுதாதீர்கள், தயவுசெய்து.

கையால் வேலை செய்யத் தொடங்கினால் மற்றது தானாகக் கண்ணில் படும். ஹேண்டில்பாரில் கிளட்ச், பிரேக் லிவர்களின் கிளாம்பை உடும்புப் பிடியாக இறுக்கக் கூடாது என்று தெரியும். விழும்போது அது சுழன்று கொடுத்தால் லிவர் உடையாது. ஏர் ஃபில்டரில் எவ்வளவு தூசி அடைகிறது என்று பார்ப்பீர்கள், மாற்று ஃபில்டர் ஒன்று பைக்குள் போகும். செயினை ஆள் ஏறி உட்கார்ந்த நிலையில் பார்த்து, கொஞ்சம் தளர்வாகவே விடுவீர்கள். பழைய கிளட்ச் கேபிளைக் கழற்றாமல் புதியதை அதன் பக்கத்திலேயே ஓட்டிக் கட்டி வைத்தால், அறுந்த அன்றைக்கு முனையை மாட்டினால் போதும். ஸ்போக்குகளைத் தட்டிப் பார்த்தால் தொய்ந்தது சத்தத்திலேயே தெரிந்துவிடும். சஸ்பென்ஷனை இப்போது தொடாதீர்கள். டயர் மண்ணுக்கானதாகப் பட்டன் வைத்ததாக ஒரு ஜோடி வாங்குங்கள், பிராண்டு உங்கள் இஷ்டம். மண்ணில் டயர் காற்றை 20 பிஎஸ்ஐ அளவில் வைத்து ஆரம்பியுங்கள். கல் அதிகமென்றால் கொஞ்சம் கூட்டுங்கள், இல்லாவிட்டால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கி இரண்டு ஓட்டை விழும்.

கடைசியாக அந்த ஏற்காடு டூர். உங்கள் வண்டியின் இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்துப் படியுங்கள். போட்டி ஓட்டத்துக்குப் பயன்படுத்தினால் செல்லாது என்று அதில் எழுதியிருக்கும். ஆக, ஏதாவது நடந்தால் உங்களுக்கு இருக்கப்போவது ராலி நடத்துகிறவர்கள் எடுக்கும் காப்பீடும், நீங்கள் தனியாக எடுப்பதும், வீட்டு ஆட்களும்தான். அமைப்பாளர்களிடம் அந்தக் காப்பீட்டில் என்னென்ன அடங்கும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அம்மாவிடமும் சொல்லுங்கள். பயப்படுவார், இரண்டு நாள் பேசாமல் இருப்பார், அப்புறம் சாப்பாட்டுக்கு என்ன செய்வாய் என்று கேட்பார். அதைவிட, மகன் ஏற்காட்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும் பெண்மணிக்கு முன்பின் தெரியாத ஆஸ்பத்திரியிலிருந்து போன் வருவது மோசம். அப்படி ஒரு போனை நானே செய்திருக்கிறேன், மார்ஷலாக இருந்தபோது. எலும்பு முறிவுதான், பையன் நன்றாக இருக்கிறான் என்று சொல்வதற்கு முன், அவன் அங்கே ஏன் இருக்கிறான் என்பதை விளக்கவே எனக்கு வெகுநேரம் ஆனது.

பதிவுப் படிவத்தில் அவசரத் தொடர்புக்கு ஒரு கட்டம் இருக்கும். பெரும்பாலான பையன்கள் அதில் கூட வந்திருக்கும் நண்பனின் எண்ணை எழுதுகிறார்கள். அவனும் அதே காட்டில், சிக்னல் இல்லாத இடத்தில் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பான். அம்மாவின் எண்ணை எழுதுங்கள், அதற்குக் கீழேயே ரத்த வகையையும்.