கெரட்டினோசைட் (தோலின் மேலடுக்கு) செல்கள் இரண்டாம் பாசேஜிலேயே (புதுத் தட்டுக்கு மாற்றி வளர்க்கும் சுற்று) தட்டையாவது பற்றி

செல்களைத் தட்டிலிருந்து பிரிக்கும் டிரிப்சின் நொதியை 10% சீரம் (இரத்தத்தின் தெளிநீர்) ஊற்றி நிறுத்தி, மையவிலக்கியில் சுழற்றாமல் அப்படியே புதுத் தட்டில் விதைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கோளாறு பெரும்பாலும் அங்கேதான். சீரத்தால் மீடியத்தின் (வளர்ப்புக் கரைசல்) கால்சியம் 0.1 மில்லிமோலாரைத் தாண்டினால் செல்கள் பிரிவதை விட்டு முதிரத் தொடங்கும். செல்லில் உள்ள டிரான்ஸ்குளூட்டாமினேஸ்-1 என்ற நொதி கால்சியம் இருந்தால்தான் இயங்கும். அது இன்வொலுக்ரின், லோரிக்ரின் புரதங்களைக் குறுக்கே பிணைத்து கெட்டி உறையாக்கிவிடும். அந்தப் பிணைப்பு பிறகு அவிழாது. அந்தத் தட்டில் உள்ள செல்களைக் காப்பாற்ற மெனக்கெடாதீர்கள்.

அடுத்த முறை 0.05% டிரிப்சின், 37 டிகிரி, ஐந்து நிமிடம்; நேரம் கூடினால் செல்கள் ஒட்டவே ஒட்டாது. சீரத்துக்குப் பதில் சோயா டிரிப்சின் தடுப்பான். 200 ஜி (புவியீர்ப்பைப் போல் 200 மடங்கு) விசையில் 5 நிமிடம் சுழற்றி, மேல்நீரை முழுக்க எடுத்துவிட்டு, 0.06 மில்லிமோலார் கால்சியமுள்ள சீரமற்ற மீடியத்தில் விதையுங்கள். தட்டு 70% நிரம்பியதுமே செல்களைப் பிரித்து வேறு தட்டுகளுக்கு மாற்றிவிடுங்கள். செல்கள் நெருக்கமாக இருப்பதும் முதிர்ச்சியைத் தூண்டும்.