ஹைட்டி புரட்சி என்றால் என்ன? அதில் டூசான் லூவெர்தூர் செய்தது என்ன?

கரும்புத் தோட்ட அடிமைகளே திரண்டெழுந்து, கரீபியக் கடலில் இருந்த ஒரு பிரெஞ்சுக் காலனியைத் தனி நாடாக்கிய போராட்டம்தான் ஹைட்டி புரட்சி. 1791 ஆகஸ்டில் தொடங்கியது.

மூல காரணம் சர்க்கரை. சான் தொமிங் என்ற அந்தக் காலனியில் ஏறக்குறைய 5 லட்சம் அடிமைகள். இரவிலும் ஆலை ஓடும். தூக்கக் கலக்கத்தில் கரும்பைத் திணிப்பவரின் விரல் உருளையில் சிக்கினால் கையே போய்விடும். பிறப்பைவிடச் சாவு அதிகம். அந்தக் கணக்கை ஈடுகட்ட ஆப்பிரிக்காவிலிருந்து புது ஆட்களைக் கப்பல் கப்பலாக இறக்கினார்கள். வெடிக்காமல் என்ன செய்யும்?

டூசான் அடிமையாகப் பிறந்து, தோட்டத்தில் குதிரைவண்டி ஓட்டியவர். புரட்சிக்கு முன்பே விடுதலையானவர். முதலில், பிரான்ஸோடு போரிட்ட ஸ்பெயின் பக்கம் நின்றார். பிரான்ஸ் அடிமைமுறையை ஒழித்த 1794-இல் அந்தப் பக்கம் வந்தார். சந்தர்ப்பவாதம் என்பார்கள், எனக்கென்னவோ காரியத்தில் கண்ணாக இருந்ததாகத்தான் படுகிறது. 1801-இல் தானே அரசியல் சட்டம் கொண்டுவந்து ஆயுட்கால ஆளுநரானார். பெயருக்கு அது பிரெஞ்சுக் காலனி, அதிகாரம் டூசான் கையில்: வாசலில் வீட்டுக்காரர் பெயர்ப்பலகை, சாவிக்கொத்து மட்டும் குடியிருப்பவர் இடுப்பில் என்கிற மாதிரி.

நெப்போலியன் பொறுப்பாரா? 1802-இல் படை வந்தது. பேச்சுக்கு அழைத்து டூசானைப் பிடித்து, பிரான்ஸின் ஜூரா மலைக் கோட்டையில் அடைத்தார்கள்; 1803 ஏப்ரலில் அங்கேயே இறந்தார். அப்புறம், இன்னொரு பிரெஞ்சுக் காலனியான குவாதலூப் தீவில் அடிமைமுறை திரும்பிய செய்தி மக்களை மறுபடி கிளப்பியது. மஞ்சள் காய்ச்சலும் பிரெஞ்சுப் படையைத் தின்றது.

டூசான்தான் சுதந்திரத்தை அறிவித்தார் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, 1804 ஜனவரி 1 அன்று அதை அறிவித்தவர் அவருடைய தளபதியாக இருந்த டெசலின்.