காற்று யார் பக்கம்?

கேள்வி: குண்டைவிடக் கிருமி மலிவு என்கிறார்களே சார். அப்புறம் ஏன் படைகள் அதைப் போரில் பயன்படுத்துவதில்லை?

பதில்: பயன்படுத்திப் பார்த்துச் சூடுபட்டிருக்கிறார்கள். 1940-இல் சீனாவின் நிங்போ நகரின் மேல் ஜப்பானிய விமானம் கோதுமையைக் கொட்டியது. அதோடு சேர்ந்து பிளேக் தொற்றிய தெள்ளுப்பூச்சிகளும் விழுந்தன. இதைச் செய்தது ஜப்பான் ராணுவத்தின் ரகசியக் கிருமி ஆயுதப் பிரிவான 731-ஆம் பிரிவு. நூறு பேர் அளவில் செத்தார்கள், எல்லோரும் சாதாரண ஊர்மக்கள். 1942-இல் செஜியாங் பகுதியிலும் கிருமிகளைப் பரப்பினார்கள். அங்கே முன்னேறி வந்த ஜப்பானியச் சிப்பாய்களே ஆயிரக்கணக்கில் நோயில் விழுந்ததாக, பிடிபட்ட சிப்பாய் ஒருவர் பின்னர் சொன்னார்.

தளபதிக்கு வேண்டியது இன்று காலை அந்தப் பாலம் விழ வேண்டும் என்பது. கிருமியோ உடம்புக்குள் போய்ப் பெருகி, நோயாக வெளிப்படச் சில நாளாவது எடுத்துக்கொள்ளும். அதை நம்பி யார் தாக்குதலுக்கு நேரம் குறிப்பது?

கேள்வி: காற்றில் பரவினால் தடுக்கவே முடியாதாமே?

பதில்: பரப்பியவனாலும் முடியாது. 1979 ஏப்ரலில் சோவியத் நகரமான ஸ்வெர்ட்லோவ்ஸ்கில் ஒரு ராணுவ ஆய்வுக்கூடத்திலிருந்து, கால்நடைகளையும் மனிதர்களையும் கொல்லும் ஆந்த்ராக்ஸ் கிருமி கசிந்தது. குறைந்தது 66 பேர் இறந்தார்கள். கெட்டுப்போன இறைச்சிதான் காரணம் என்று அரசு சாதித்தது. பின்னாளில் ஆய்வாளர்கள் நோய்வாய்ப்பட்டவர்கள் கசிவு நடந்த அன்று பகலில் இருந்த இடங்களை வரைபடத்தில் குறித்தார்கள். பெரும்பாலானவை கூடத்திலிருந்து காற்றடித்த திசையில், சுமார் நான்கு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு ஒடுங்கிய பட்டையாக வந்து நின்றன. அதே வழியில் 50 கிலோமீட்டர் தள்ளியும் கால்நடைகள் செத்திருந்தன. சிலருக்கு நோய் தெரியவே ஆறு வாரம் ஆயிற்று. மையநகரத்தை நோக்கிக் காற்று அடித்திருந்தால் கணக்கே வேறு.

கேள்வி: போர் முடிந்தபின் அந்த நிலம் என்ன ஆகும்?

பதில்: கிருமியைப் பொறுத்தது. பல கிருமிகள் வெயிலில் சீக்கிரம் செத்துவிடும். ஆந்த்ராக்ஸ் வித்துகள் (கிருமி உறங்கிக்கிடக்கும் கெட்டியான வடிவம்) மட்டும் மண்ணில் பிடிவாதமாகக் கிடக்கும். 1942-இல் ஸ்காட்லாந்தின் குருனார்டு தீவில் ஆடுகளைக் கட்டிவைத்து பிரிட்டன் ஆந்த்ராக்ஸ் சோதனை செய்தது. 1986-இல் கிருமியைக் கொல்லும் ரசாயனமான ஃபார்மால்டிஹைடை 280 டன் கடல்நீரில் கலந்து தீவெங்கும் தெளித்தார்கள். எச்சரிக்கைப் பலகையைக் கழற்றியது 1990-இல். ஒரு குட்டித் தீவுக்கே 48 வருடம்!

கேள்வி: சட்டப்படி தடை இருக்கிறதல்லவா?

பதில்: இருக்கிறது, ஆனால் ஓட்டை உண்டு. 1925 ஜெனீவா நெறிமுறை பயன்படுத்துவதை மட்டும் தடுத்தது. 1972 உயிரியல் ஆயுத உடன்படிக்கை தயாரிப்பதையும் பதுக்குவதையும் சேர்த்துத் தடுத்தது, ஆனால் நேரில் போய்ச் சோதிக்க ஏற்பாடு இல்லை. சோவியத் ஒன்றியம் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் ஸ்வெர்ட்லோவ்ஸ்க் கூடத்தை நடத்திக்கொண்டிருந்தது.

கேள்வி: 731-இன் தலைவர் ஷிரோ இஷியி தண்டிக்கப்பட்டாரா?

பதில்: இல்லை. சோதனைத் தரவுகளை வாங்கிக்கொண்டு அமெரிக்கா அவரை விசாரணையிலிருந்து காப்பாற்றியது. 1959-இல் டோக்கியோவில் நோயுற்று இறந்தார்.