கரட்டா, கீரையா, குளிசையா?

கற்றரக்ட் என்றால்தான் பலருக்கு விளங்குகிறது. நல்ல தமிழில் கண்புரை. இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அதைப் பற்றியவை.

அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை வந்து ஒப்பரேஷன் செய்தோம். எனக்கு 52 வயது. வரக்கூடாதென்று தினமும் கரட் ஜூஸ் குடிக்கிறேன். பலன் இருக்குமா டொக்டர்?
வெள்ளவத்தை வாசகி

கரட்டில் கூடுதலாக இருப்பது பீட்டா கரோட்டின். உடம்பு அதை விற்றமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். விற்றமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வரும், கண் வறளும். ஆனால் புரை விழுவது கண்ணின் வில்லையில், அதாவது லென்ஸில். பீட்டா கரோட்டின் போன்ற நிறச்சத்துகளைக் கரோட்டினொயிட்டுகள் என்பார்கள். அந்த வில்லைக்குள் போய்ச் சேருகிறவை அவற்றில் லூட்டீனும் சியாசாந்தினும்தான். பீட்டா கரோட்டினை அங்கே காண முடிவதில்லை. அமெரிக்காவில் நடந்த ஏரெட்ஸ் ஆய்வில் பீட்டா கரோட்டினோடு விற்றமின் சி, ஈ இரண்டையும் பெரிய அளவில் வருடக்கணக்காகக் கொடுத்துப் பார்த்தார்கள். 2001இல் முடிவு வந்தது: புரையில் ஒரு மாற்றமும் இல்லை.

பிடித்திருந்தால் குடியுங்கள், சீனி போடாமல். உள்ளங்கை மஞ்சளாகிவிட்டால் செங்கமாரி என்று பயப்பட வேண்டாம். கண்ணின் வெள்ளை வெள்ளையாகவே இருந்தால் அது கரட்டின் வேலை. கொஞ்சம் குறைத்தால் போய்விடும்.

பாமசியில் லூட்டீன் குளிசை விற்கிறார்கள். விலை கையைக் கடிக்கிறது. வாங்கலாமா? வயது 60, சிகரெட் பழக்கம் உண்டு.
கொட்டாஞ்சேனை வாசகர்

1999இல் அமெரிக்காவில் தாதியரையும் ஆண் சுகாதாரப் பணியாளரையும் பல வருடம் கவனித்த இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. லூட்டீன், சியாசாந்தின் உள்ள கீரை போன்ற உணவை நிறையச் சாப்பிட்டவர்களுக்குப் புரைச் சத்திரசிகிச்சை ஏறத்தாழ 20 வீதம் குறைவாகத் தேவைப்பட்டது. நல்ல செய்திதான். ஆனால் கீரை சாப்பிடுகிறவர் பொதுவாக மற்ற விடயங்களிலும் உடம்பைக் கவனிப்பவர். எது எதனால் என்று எப்படிப் பிரிப்பது?

அதனால் குளிசையாகவே கொடுத்துப் பார்த்தார்கள். 4,000க்கும் மேற்பட்டோர் சேர்ந்த ஏரெட்ஸ்-2 ஆய்வில் தினமும் 10 மில்லிகிராம் லூட்டீன், 2 மில்லிகிராம் சியாசாந்தின். 2013இல் வந்த முடிவு: மொத்தமாகப் பார்த்தால் பலன் இல்லை. ஒரு கூட்டத்துக்கு மட்டும் சத்திரசிகிச்சை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. யாருக்கு? சாப்பாட்டில் இந்தச் சத்து மிகக் குறைவாக இருந்தவர்களுக்கு. அந்தக் கூட்டத்தில் நீங்கள் இருந்தால் சந்தையில் இரண்டு பிடி கீரை வாங்குங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

வாங்கியே தீருவேன் என்றால் லேபலைப் படியுங்கள். பீட்டா கரோட்டின் இருந்தால் உங்களுக்கு ஆகவே ஆகாது. பின்லாந்தில் 29,000 புகைப்பவர்களிடம் செய்த ஆய்வில், தினம் 20 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 வீதம் கூடியது. அது 1994இல் வெளிவந்தது. அப்புறம், சிகரெட்டே புரையைச் சீக்கிரம் கொண்டுவரும். குளிசைக் காசைப் பற்றி யோசிக்கும்போது அந்தக் காசையும் யோசியுங்கள்.

எந்தக் கீரை நல்லது? எண்ணெய் சேர்க்காமல் அவித்துத்தான் சாப்பிட வேண்டுமா?
பம்பலப்பிட்டி வாசகி

பொன்னாங்காணி சாப்பிட்டால் பகலில் நட்சத்திரம் தெரியும் என்பார்கள். நான் இன்னும் பார்க்கவில்லை. ஆனால் லூட்டீன் அதில் நிறைய உண்டு. முருங்கையிலை, வல்லாரை, கங்குங் எல்லாவற்றிலும் உண்டு. கரும்பச்சையாக இருந்தால் போதும், மலிவானதை வாங்குங்கள்.

எண்ணெய் விடயத்தில் உங்களுக்குச் சொன்னவர் தவறாகச் சொல்லியிருக்கிறார். இந்தச் சத்துகள் கொழுப்பில் கரைபவை. கொழுப்பே இல்லாமல் சாப்பிட்டால் பெரும்பகுதி உடம்பில் சேராமல் போய்விடும். பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூ போட்டு, அடுப்பில் ஒரு பிரட்டுப் பிரட்டி இறக்கும் நம் வறையும் சுண்டலும் இதற்கென்றே கண்டுபிடித்தது போல இருக்கின்றன. தேங்காய்ப்பால் விட்ட கீரைக்கறியும் சரி. முட்டை மஞ்சள் கருவில் அளவு குறைவு, ஆனால் கூடவே கொழுப்பும் இருப்பதால் இலகுவாகச் சேரும். பச்சையாகவே சாப்பிடும் வல்லாரைச் சம்பலுக்குத் தேங்காய்ப்பூவில் கஞ்சம் பிடிக்காதீர்கள்; இலையை நன்றாகக் கழுவுங்கள்.

இருதய வருத்தத்துக்கு வார்ஃபரின் குடிக்கிறேன். கீரை சாப்பிடலாமா?
தெகிவளை வாசகர்

சாப்பிடலாம், ஆனால் ஒரே அளவாக. வார்ஃபரின் இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து. கீரையில் உள்ள விற்றமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும். இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு நாளைக்கே தட்டு நிறையப் போட வேண்டாம். கூட்டுவதாக இருந்தால் கிளினிக்கில் முதலில் சொல்லுங்கள்.

அப்பாவுக்கு 74, சீனி வருத்தமும் உண்டு. புரை முற்றட்டும் என்று காத்திருக்கிறார். முருங்கையிலைச் சாறு பிழிந்து கண்ணில் விடுகிறார்.
மருதானை வாசகர்

சாறு விடுவதை இன்றைக்கே நிறுத்துங்கள். கிருமி தொற்றினால் இருக்கிற பார்வையும் போகலாம். விழுந்த புரையை உணவோ சொட்டு மருந்தோ கரைக்காது. முற்றட்டும் என்று காத்திருப்பது பழைய காலத்து முறை. மிகவும் முற்றினால் சத்திரசிகிச்சைதான் கடினமாகும். பேப்பர் படிக்க, படி இறங்கக் கஷ்டப்படுகிறார் என்றால் அதுவே நேரம். சீனி வருத்தம் இருப்பதால் விழித்திரையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தேசிய கண் வைத்தியசாலைக்கோ வேறு கண் கிளினிக்குக்கோ கூட்டிக்கொண்டு போங்கள். போகும்போது அவர் குடிக்கும் குளிசைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். சிறுநீர் தடையில்லாமல் போவதற்கு டாம்சுலோசின் குடிப்பவராக இருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். அந்த மருந்தால் கண்மணி சத்திரசிகிச்சையின்போது திடீரென்று சுருங்கிவிடும். முன்கூட்டியே தெரிந்தால் டொக்டர் அதற்கு ஆயத்தமாக இருப்பார்.