பிடிபட்டவர் சொன்ன பெயர்

கேள்வி: 24 கிலோ கஞ்சாவோடு ஒருவர் காரில் பிடிபட்டார். விசாரணையில் என் தம்பி பெயரைச் சொன்னாராம். தம்பியிடம் எதுவும் கைப்பற்றப்படவில்லை. ஆனாலும் கூட்டுச்சதி என்று 10 ஆண்டு தண்டனை. அப்பீல் போனால் பலன் உண்டா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: போகத்தான் வேண்டும், சகோதரி. முதலில் தேதியைப் பாருங்கள். தீர்ப்பு வந்த 60 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும். நாள் தாண்டியிருந்தால் தக்க காரணம் காட்டி, தாமதத்தை மன்னிக்கும்படி மனு போடலாம். தீர்ப்பு நகல் தம்பிக்கு இலவசமாகவே கிடைக்கும்.

நகல் கைக்கு வந்ததும் பேனாவோடு உட்காருங்கள். பிடிபட்டவரின் வாக்குமூலம், "அவர் இப்படிச் சொன்னார்" என்று அதிகாரி கூண்டில் ஏறிச் சொன்னது, இவை வரும் வரிகளை எல்லாம் அடித்துக்கொண்டே வாருங்கள். அடிபடாமல் என்ன நிற்கிறது? அப்பீல் அதைப் பொறுத்ததுதான்.

2020 அக்டோபர் 29 அன்று, தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில், போதைப்பொருள் சட்டத்தின் 67ஆம் பிரிவில் அதிகாரிகள் வாங்கும் ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்துத் தண்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சொன்னவருக்கு எதிராகவே செல்லாத பேச்சு, அவர் கைகாட்டிய உங்கள் தம்பிக்கு எதிராக எப்படிச் செல்லும்?

சதிகாரர் ஒருவர் சொன்னது மற்றவரையும் கட்டுப்படுத்தும் என்ற விதியை அரசுத் தரப்பு எடுத்துக்காட்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் அது 10ஆம் பிரிவு. ஆனால் சதி நடந்துகொண்டிருக்கும்போது பேசியதற்குத்தான் அது பொருந்தும். கைதான பிறகு அதிகாரியிடம் சொன்னதற்குப் பொருந்தாது. 1940இல் மிர்சா அக்பர் வழக்கில், பிரிட்டிஷ் ஆட்சியில் நமக்கு மேல்முறையீட்டின் கடைசிப் படியாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வகுத்த வழி இது.

எனக்குக் கவலை தருவது போன் அழைப்புப் பட்டியல். இருவரும் பேசினார்கள் என்று அது காட்டும், என்ன பேசினார்கள் என்று காட்டாது. அந்தப் பட்டியல் கணினியிலிருந்து முறையாக எடுக்கப்பட்டது என்று உறுதிசொல்லும் மின்னணுச் சான்றிதழ் தாக்கலானதா என்றும் பாருங்கள். சரி, கார் தம்பி பெயரில் இருந்ததா? பணம் கைமாறியதா? அப்படி ஏதாவது இருந்தால் வக்கீலிடம் மறைக்காதீர்கள்.

அப்பீல் முடியும்வரை தண்டனையை நிறுத்திவைக்கக் கேட்கலாம். கஞ்சா 20 கிலோவுக்கு மேல் என்பது வணிக அளவு என்பதால், ஜாமீனுக்குக் கடும் நிபந்தனை போடும் போதைப்பொருள் சட்டத்தின் 37ஆம் பிரிவு குறுக்கே நிற்கும், எளிதில் கிடைக்காது. வக்கீல் கட்டணத்துக்கு வழியில்லை என்றால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். காவலில் இருப்பவருக்கு இலவச வக்கீல் பெற உரிமை உண்டு.

அப்புறம், பழைய வக்கீலிடமிருந்து சாட்சிகளின் குறுக்கு விசாரணை நகல்களையும் கேட்டு வாங்கிவிடுங்கள். உயர் நீதிமன்றம் பெரும்பாலும் சாட்சிகளை மறுபடி கூப்பிடாது, அந்தத் தாள்களைத்தான் படிக்கும்.